லினக்ஸ் பைனரியும் ஹார்டுவேர் டிரைவரும்: நம் கர்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் கூடி, யூனிக்ஸ் மாதிரி ஒரு சின்ன கர்னலை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை, எழுதிக்கொண்டிருக்கிறோம். எம்ஐடி மாணவர்கள் படிப்பதற்காக 2006-ல் உருவான எக்ஸ்வி6 தான் அதன் வித்து. அதிலிருந்து கிளம்பி 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களுக்கு மாற்றி, பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் குடும்பத்தின் பாணியில் எரர் எண்களும் சிக்னல்களும் சேர்த்து வளர்த்திருக்கிறோம். இப்போது கையில் இரண்டு வேலைகள். லினக்ஸுக்காகத் தொகுத்த புரோகிராமை, அதாவது பைனரியை, ஒரு பைட் கூட மாற்றாமல் நம் கர்னலில் ஓட வைப்பது ஒன்று. க்யூஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினை விட்டு வெளியே வந்து, மேஜையில் இருக்கும் நிஜ மெஷினில் நெட்வொர்க் கார்டைப் பேச வைப்பது இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

சோர்ஸ் கோட் கொட்டிக் கிடக்கும் காலத்தில் பைனரி இணக்கம் எதற்கு?

எனக்கு இது ஒரு கடையில் தொடங்கியது. தொண்ணூறுகளில் மதுரை மொத்த வியாபாரக் கடைகள் பலவற்றில் எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு மெஷின், அதிலிருந்து மூன்று நான்கு டெர்மினல்கள், பக்கத்தில் கரகரவென்று பில் அடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கீழமாசி வீதியில் எனக்குத் தெரிந்த மளிகை மொத்தக் கடையிலும் அப்படித்தான். ஃபாக்ஸ்பேஸில் எழுதிய பில்லிங், அதில் பல வருடக் கடன் கணக்கு. ஒருநாள் மதர்போர்டு போய்விட்டது. அந்த யூனிக்ஸ் புது போர்டில் ஏறவில்லை. புரோகிராம் எழுதியவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார், சோர்ஸ் யாரிடமும் இல்லை. கடைக்கார அண்ணாச்சி நோட்டுப் புத்தகத்தில் கையால் பில் எழுதத் தொடங்கிவிட்டார்.

அப்போது லினக்ஸில் ஐபிசிஎஸ்2 என்று ஒரு மாட்யூல் இருந்தது. இன்டெல் மெஷின்களில் ஓடிய பல யூனிக்ஸ்களுக்கும் பொதுவாக வகுத்த பைனரி விதியின் பெயர் அது. அந்த மாட்யூல், காஃப் என்ற பழைய வடிவத்து ஃபைலை ஏற்றி, அது கர்னலிடம் கேட்கும் சிஸ்டம் கால்களை லினக்ஸ் கால்களாக மாற்றித் தரும். ஒரு நண்பர் அதைப் போட்டு, டிஸ்கிலிருந்து எடுத்த பைனரியை அப்படியே ஓடவிட்டார். பழைய மெனு திரையில் வந்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். சோர்ஸ் தொலைந்து போகும், எழுதியவர் போய்விடுவார், பைனரி மட்டும் மிஞ்சும். அதை ஓட வைக்கிறவன் ஒருத்தருடைய பல வருட உழைப்பைக் காப்பாற்றுகிறான். இன்றுவரை இந்த வேலையில் எனக்கு ஆசை விடாததற்கு அந்தத் திரைதான் காரணம்.

அப்படியானால் இது எமுலேட்டரா?

இல்லை. எமுலேட்டர் சிபியுவையே போலி செய்யும். இங்கே புரோகிராமின் கட்டளைகள் நேராக நிஜ சிபியுவில் ஓடுகின்றன. கூட்டல், கழித்தல், லூப் எதிலும் நாம் தலையிடுவதில்லை, அதனால் வேகமும் குறைவதில்லை. புரோகிராம் கர்னலின் கதவைத் தட்டும் இடம் ஒன்றுதான் நம் வேலை: சிஸ்டம் கால். ஃபைல் திற, எழுது, மெமரி கொடு, என்னைத் தூங்க வை என்று கேட்கும் இடங்கள். அந்தக் கேள்வி லினக்ஸ் பாஷையில் வருகிறது, நாம் அதே பாஷையில் பதில் சொல்ல வேண்டும்.

இது லினக்ஸ் பைனரி என்று கர்னலுக்கு எப்படித் தெரியும்?

லினக்ஸ், பிஎஸ்டி பைனரிகளின் வடிவமான இஎல்எஃப் ஃபைல் என்றால் முதல் நான்கு பைட்டுகளில் தெரிந்துவிடும்: முதலில் ஹெக்ஸ் 7எஃப், அப்புறம் ஈ, எல், எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். எந்த சிஸ்டத்துக்கானது என்று சொல்ல எட்டாவது பைட் இருக்கிறது; ஃப்ரீபிஎஸ்டி பைனரியில் அது 9, லினக்ஸுக்கு ஒதுக்கியது 3. ஆனால் பெரும்பாலான லினக்ஸ் பைனரிகளில் அங்கே வெறும் 0 தான் இருக்கும், அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். எந்த லோடரை முதலில் கூப்பிட வேண்டும் என்று ஃபைலுக்குள் ஒரு பாதை எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். லினக்ஸ் என்றால் எல்டி-லினக்ஸ் என்று தொடங்கும் பெயர் வரும். அதுவும் இல்லாத, லைப்ரரியையும் உள்ளேயே சேர்த்துத் தொகுத்த ஸ்டாடிக் பைனரிகளுக்காகத்தான் ஃப்ரீபிஎஸ்டியில் பிராண்டெல்ஃப் என்ற கருவியே இருக்கிறது, கையால் முத்திரை குத்துவதற்கு.

கண்டுபிடித்த பிறகு அந்தப் ப்ராசஸோடு லினக்ஸ் அட்டவணையைக் கட்டிவிடுகிறோம். ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கான சிஸ்டம் கால் அட்டவணையைச் சுட்டும். நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் இப்படித்தான் செய்கின்றன. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முந்நூற்றுச் சொச்சம் சிஸ்டம் கால்கள் இருக்கிறதே, எங்கே தொடங்குவது?

பட்டியலின் தலையிலிருந்து தொடங்காதீர்கள். எந்த புரோகிராமை ஓட்டப் போகிறீர்களோ, அது எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். லினக்ஸ் லேப்டாப்பில், சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டால் வரிக்கு வரி வந்துவிடும்.

மஸ்ல் என்ற சின்ன சி லைப்ரரியோடு ஸ்டாடிக்காகத் தொகுத்த "வணக்கம்" புரோகிராமை எடுத்துக்கொள்வோம். எக்ஸெக் போக, அது கேட்பது ஐந்தே ஐந்து. முதலில் 158-ம் எண் கால், த்ரெடுக்கான எஃப்எஸ் ரெஜிஸ்டரின் முகவரியை வை என்கிறது. அப்புறம் 218, என் த்ரெட் எண் என்ன என்று கேட்கிறது. மூன்றாவது 16, அதாவது ஐஆக்டல். இதைப் பார்த்து எல்லோரும் முழிப்பார்கள்: ஒரு வரி எழுதுவதற்கு ஐஆக்டல் எதற்கு? டெர்மினலின் அகலத்தைக் கேட்கும் சாக்கில், எதிரே இருப்பது டெர்மினலா ஃபைலா என்று மஸ்ல் தெரிந்துகொள்கிறது. டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும், ஃபைல் என்றால் சேர்த்து வைத்து அனுப்பும். நான்காவது 20, ரைட்வி. கவனியுங்கள், 1 என்ற ரைட் இல்லை. ரைட்டை மட்டும் எழுதிவிட்டு "ஒன்றுமே திரையில் வரவில்லை அண்ணே" என்று வந்தவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் 231, குரூப்பாக வெளியேறு.

ஐந்தையும் ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடலாம். தமிழில் "வணக்கம்" திரையில் வந்து நின்றதும், அடுத்து பிஸிபாக்ஸ். அதற்குள்ளேயே ஷெல், எல்எஸ், விஐ எல்லாம் இருப்பதால் நமக்குப் பிடித்த பாடப்புத்தகம் அதுதான்.

கால் எண்ணை மாற்றினால் போதாதா?

போதாது. எண் மாற்றுவது எளிதான பாதி. மீதிப் பாதி உள்ளே அனுப்பும் மதிப்புகளில் ஒளிந்திருக்கிறது. போன வருடம் நாங்கள் வாங்கிய அடியை இங்கே முழுசாகச் சொல்கிறேன், நீங்களும் வாங்க வேண்டாம்.

லாக் ஃபைலில் கடைசியில் ஒரு வரி சேர்க்கும் சின்ன லினக்ஸ் புரோகிராம். ஓடுகிறது, எரர் இல்லை. ஆனால் ஃபைலைத் திறந்து பார்த்தால் எப்போதும் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தில் பிழை என்று நினைத்து இரண்டு சனிக்கிழமையை அதில் தொலைத்தோம். கடைசியில் உசிலம்பட்டியிலிருந்து வரும் தங்கை ஒருத்தி இரண்டு ஹெடர் ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

ஓபன் காலோடு கொடிகள் போகும். லினக்ஸில் "கடைசியில் சேர்" என்ற கொடியின் மதிப்பு ஹெக்ஸில் 400. எக்ஸ்வி6-லும் பிஎஸ்டியிலும் ஹெக்ஸ் 400 என்றால் "ஃபைலைக் காலி செய்". லினக்ஸில் காலி செய்யச் சொல்வது 200, அங்கே 200 என்றால் "இல்லாவிட்டால் உருவாக்கு". நாங்கள் ஓபனின் எண்ணை மட்டும் மாற்றி, கொடிகளை அப்படியே உள்ளே விட்டிருந்தோம். புரோகிராம் "சேர்" என்று சொல்லச் சொல்ல, கர்னல் ஒவ்வொரு தடவையும் ஃபைலைத் துடைத்துக்கொண்டிருந்தது. எரர் வர வழியே இல்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் அது செல்லுபடியாகும் கொடி.

எரர் எண்களிலும் இதே கண்ணி. லினக்ஸில் "இப்போது முடியாது, அப்புறம் வா" என்பது 11, "டெட்லாக் ஆகிவிடும்" என்பது 35. பிஎஸ்டியில் இரண்டும் அப்படியே இடம் மாறி நிற்கும்: 35 அப்புறம் வா, 11 டெட்லாக். மாற்றாமல் விட்டால், கொஞ்சம் காத்திருக்க வேண்டிய புரோகிராம் டெட்லாக் என்று பயந்து செத்துவிடும். சிக்னலிலும் உண்டு: லினக்ஸில் 10 என்பது பயனர் சிக்னல், பிஎஸ்டியில் 10 என்பது பஸ் எரர்.

பதில் திரும்பும் விதமும் வேறு. லினக்ஸ் எரரை மைனஸ் எண்ணாக ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரிலேயே தருகிறது. ஃப்ரீபிஎஸ்டி எரர் எண்ணைப் பிளஸ்ஸாக வைத்து, கேரி ஃப்ளாக்கைத் தூக்கிக் காட்டுகிறது. ஸ்டாட் மாதிரி கால்களில் ஸ்ட்ரக்சரின் வடிவமே வேறு; எந்தப் புலம் எத்தனையாவது பைட்டில் என்று ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும், மொத்தமாக மெம்காபி போடக் கூடாது.

அதனால் இப்போது எங்கள் வழக்கம்: எந்தக் காலை எழுதினாலும் அதன் எண், கொடிகள், ஸ்ட்ரக்சர், எரர் என்ற நான்கையும் இரண்டு பத்தியாகத் தாளில் எழுதி, இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கோடு. அந்தப் பென்சில் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தெரியாத கால் வந்தால் சும்மா 0 திருப்பிவிடலாமா? புரோகிராம் மேலே ஓடுமே?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்கென்றே லினக்ஸில் 38 என்ற எரர் இருக்கிறது, ஈநோசிஸ் என்போம். 0 என்பது "நீ கேட்டதைச் செய்துவிட்டேன்" என்ற வாக்கு. செய்யாமல் அதைச் சொன்னால் பொய்.

ஃபியூடெக்ஸ் என்ற 202-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாக் கிடைக்காத த்ரெட் தூங்கப் போகும் இடம் அது. மேலூர் தம்பி ஒருவர் அவசரத்துக்கு அதில் 0 திருப்பி வைத்திருந்தார். புரோகிராம் சாகவில்லை, வேலையும் நடக்கவில்லை. லேப்டாப் ஃபேன் மட்டும் விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. தூங்கப் போன த்ரெட்டிடம் "எழுந்திரு, உன்னைக் கூப்பிட்டார்கள்" என்று உடனே பொய் சொல்லி அனுப்புகிறோம். அது போய்ப் பார்க்கிறது, லாக் இன்னும் பூட்டியிருக்கிறது, மறுபடி தூங்க வருகிறது, மறுபடி பொய். அதே இடத்தில் ஈநோசிஸ் திருப்பியதும், ஃபியூடெக்ஸிடமிருந்து எதிர்பாராத எரர் வந்தது என்று, லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சி ஒரு வரி அச்சடித்துவிட்டு நின்றது. குற்றவாளியின் பெயரே திரையில் வந்துவிட்டது. எங்கே தேட வேண்டும் என்று அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

318-ல் பொய் சொல்வது இன்னும் ஆபத்து. ரேண்டம் பைட் கேட்கும் கால் அது. நிரப்பாமலே "கேட்ட அளவு கொடுத்துவிட்டேன்" என்று சொன்னால், புரோகிராம் வெறும் பூஜ்யத்தைச் சாவியாக வைத்துக்கொண்டு ரகசியம் காக்கப் பார்க்கும்.

மஸ்ல் ஓடுகிறது, ஜிலிப்சி பைனரி மட்டும் தொடக்கத்திலேயே விழுகிறது. ஏன்?

வரிசையாக நான்கு இடங்களைப் பாருங்கள்.

கர்னலின் பெயரும் பதிப்பும் சொல்லும் யூநேம் காலின் பதிலில் என்ன பதிப்பு சொல்கிறீர்கள்? நாங்கள் பெருமையாக 0.1 என்று வைத்திருந்தோம். எங்களிடம் இருந்த ஜிலிப்சி 3.2-க்குக் கீழே எதைப் பார்த்தாலும், கர்னல் ரொம்பப் பழசு என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். லினக்ஸ் ப்ராசஸுக்கு மட்டும் வேறு பதிப்பு எண் காட்டுங்கள். ஃப்ரீபிஎஸ்டியிலும் இதற்குத் தனி சிஸ்கண்ட்ரோல், அதாவது கர்னல் அமைப்பு, உண்டு. முந்தைய கேள்வியில் பொய் கூடாது என்றேன், இங்கே இப்படிச் சொல்கிறேனே என்று கேட்கலாம். இந்த எண் "இந்தப் பதிப்பின் பாஷை பேசுவேன்" என்ற வாக்கு. பேசும் அளவுக்குத்தான் எண்ணை ஏற்ற வேண்டும்.

ஸ்டேக்கைப் பாருங்கள். புரோகிராம் தொடங்கும்போது, ஸ்டேக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டர் 16-ஆல் வகுபட வேண்டும். 8 தள்ளி நின்றால் சி கோடு கொஞ்ச தூரம் ஓடி, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் விழும். விழுந்த இடத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள், தப்பு தொடக்கத்தில் இருக்கிறது.

ஸ்டேக்கின் மேல் கர்னல் வைக்கும் தகவல் பட்டியலான ஆக்ஸிலரி வெக்டரில் 25-ம் எண் பதிவு இருக்கிறதா? 16 ரேண்டம் பைட்டுகளின் முகவரி அது. ஜிலிப்சி கேட்காமலே அதைத் திறந்து படிக்கும். இல்லாவிட்டால் பூஜ்ய முகவரியில் போய் இடிக்கும்.

கடைசியாக எஃப்எஸ் பேஸ். தனியாக ஓட்டினால் நன்றாக ஓடுகிற புரோகிராம், இரண்டை ஒன்றாக ஓட்டினால் சாகிறதா? ப்ராசஸ் மாறும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சில் எஃப்எஸ் பேஸைச் சேமித்துத் திருப்பி வைக்க மறந்திருப்பீர்கள். பத்துக்கு எட்டுப் பேர் மறக்கிறோம்.

சிக்னல் அனுப்பும் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்எஸ்பிக்குக் கீழே 128 பைட் புரோகிராமுக்குச் சொந்தம். அதைத் தாண்டித்தான் சிக்னல் ஃப்ரேம் வைக்க வேண்டும்.

ப்ராக் ஃபைல் சிஸ்டம் வேண்டுமா?

ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தை ஃபைல்களாகக் காட்டும் இடம் அது. வேண்டும், ஆனால் முழுசாக வேண்டாம். நான் எந்த ஃபைலிலிருந்து ஓடுகிறேன் என்று பார்க்கும் செல்ஃப்-எக்ஸீ இணைப்பும், மெமரி விவரமும் இருந்தால் நிறைய புரோகிராம்கள் நகர்ந்துவிடும்.

மற்ற சிஸ்டங்கள் இதில் என்ன செய்திருக்கின்றன?

2016-ம் வருடத்தை மட்டும் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டி பதிப்புகளில், அந்த வருடம் வந்த 10.3 தான் 64 பிட் லினக்ஸ் பைனரிகளை முதலில் ஓட்டியது. அதே வருடம் ஓபன்பிஎஸ்டி 6.0 தன்னிடம் இருந்த லினக்ஸ் இணக்கத்தை மொத்தமாக எடுத்துவிட்டது. அது 32 பிட்டோடு நின்றிருந்தது. அதே வருடம் விண்டோஸ் 10-ல் டபிள்யூஎஸ்எல் வந்தது. லினக்ஸ் சிஸ்டம் கால்களை விண்டோஸ் கர்னலே மொழிபெயர்க்கும் ஏற்பாடு, நாம் செய்வதேதான்.

2019-ல் மைக்ரோசாஃப்ட் இரண்டாவது டபிள்யூஎஸ்எல்லை அறிவித்தபோது மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, சின்ன மெய்நிகர் மெஷினில் நிஜ லினக்ஸ் கர்னலையே வைத்துவிட்டார்கள். முதல் டபிள்யூஎஸ்எல்லில் ஃபைல் வேலைகள் மெதுவாக இருந்தன, டாக்கர் போன்றவை கேட்கும் கால்களை நிரப்பி முடியவில்லை. ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கும் கம்பெனியே விட்டுவிட்டது, நாம் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். அவர்கள் எல்லாப் புரோகிராமையும் ஓட்ட வேண்டியிருந்தது. நமக்கு நாமே தேர்ந்தெடுத்த பத்துப் புரோகிராம் ஓடினால் போதும். ஓபன்பிஎஸ்டிகாரர்கள் செய்ததும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது: பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கோடு கர்னலுக்குள் இருக்கக் கூடாது.

லினக்ஸ் புரோகிராமை ஓட்டுகிற மாதிரி, லினக்ஸ் டிரைவரையும் அப்படியே ஏற்றிவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. இரண்டு வேலைக்கும் நடுவில் இருக்கும் பெரிய வித்தியாசமே இங்கேதான்.

லினக்ஸ் மேல்பக்கம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: பழைய புரோகிராமை உடைக்க மாட்டோம். 1 என்றால் இன்றும் ரைட், பத்து வருடம் கழித்தும் ரைட். அதை நம்பித்தான் நம் முதல் வேலை நிற்கிறது. ஆனால் கர்னலுக்கு உள்ளே டிரைவர்களுக்கு அப்படி ஒரு வாக்கு இல்லை, தரவும் மாட்டோம் என்று லினக்ஸ் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபங்ஷனின் பெயர், ஸ்ட்ரக்சரின் வடிவம், லாக்கின் விதி எதுவும் அடுத்த பதிப்பில் மாறலாம். ஆகவே தொகுத்த டிரைவர் மாட்யூலை ஏற்றுவது நடக்காத காரியம்.

சோர்ஸிலிருந்து தொகுத்து ஏற்ற வழி உண்டு. ஃப்ரீபிஎஸ்டி லினக்ஸ்கேபிஐ என்று ஒரு அடுக்கு வைத்திருக்கிறது. லினக்ஸ் டிரைவர் கூப்பிடும் உள் ஃபங்ஷன்களை ஃப்ரீபிஎஸ்டி வழியில் செய்து தரும் அடுக்கு. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அதன்மேல்தான் அங்கே ஓடுகின்றன. ஆனால் லினக்ஸ் ஓட ஓட அந்த அடுக்கும் பின்னாலேயே ஓட வேண்டும். வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கூடுகிற நமக்கு அது தாங்காது. ஒரு கார்டு, ஒரு டிரைவர், அதை நாமே எழுதுவோம்.

எந்த ஹார்டுவேரில் தொடங்க?

க்யூஎம்யூவில் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் கார்டு. அது ஓடிய பிறகு நிஜத்துக்கு ரியல்டெக் 8139. பழைய பிசிஐ கார்டு, 100 மெகாபிட், பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடக்கும். க்யூஎம்யூவிலும் அதே கார்டு இருப்பதால் வீட்டில் எழுதி, இங்கே வந்து சோதிக்கலாம். அனுப்புவதற்கு நான்கே நான்கு இடம், வாங்குவதற்கு ஒரே வட்ட பஃபர். மனசுக்குள் முழுசாக வைத்துக்கொள்ளும் அளவு சின்ன கார்டு.

எங்களிடம் இரண்டு பழைய டெஸ்க்டாப் இருக்கின்றன. ஒன்றில் டிரைவர் முதல் நாளே ஓடியது. அதே கார்டைக் கழற்றி மற்றதில் போட்டால் விளக்கு எரிகிறது, ரெஜிஸ்டர் படிக்க முடிகிறது, கார்டின் மேக் முகவரி கூட சரியாக வருகிறது. பாக்கெட் மட்டும் போகவில்லை. எதிரே லேப்டாப்பில், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வெறிச்சென்று இருக்கிறது. கேபிளை மாற்றினோம், கார்டின் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தோம், ஸ்லாட் மாற்றினோம்.

பிசிஐ கமாண்ட் ரெஜிஸ்டரை இரண்டு மெஷினிலும் அச்சடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒன்றில் 7, மற்றதில் 3. விட்டுப்போனது 4, பஸ் மாஸ்டர் பிட். கார்டு தானாக மெமரிக்குப் போய்ப் பாக்கெட்டை எடுக்க அனுமதி தருவது அந்த பிட். முதல் மெஷினின் பயாஸ் நெட்வொர்க் பூட்டுக்கு முயன்றுவிட்டு அதைத் தூக்கியே வைத்திருந்தது. நாங்கள் தூக்க மறந்தது அதனால் தெரியவில்லை. ஒரு வரி சேர்த்தோம். லேப்டாப் திரையில் முதல் ஏஆர்பி (இந்த ஐபி முகவரி யாருடையது என்று கேட்கும் பாக்கெட்) வந்தபோது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. கீழே பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, யாருக்கும் பசியே ஞாபகம் இல்லை.

அந்தக் கார்டில் இன்னும் கவனிக்க வேண்டியவை: கார்டுக்குத் தரும் முகவரி பிசிகல் முகவரியாக இருக்க வேண்டும், வாங்கும் பஃபர் நடுவில் முறியாமல் ஒரே தொடராக இருக்க வேண்டும். ஏஆர்பி 42 பைட்தான், கார்டு தானாக நிரப்பாது, 60 பைட் வரை நாமே பூஜ்யம் போட்டு நிரப்ப வேண்டும். சோம்பலில் பூஜ்யம் போடாமல் விட்டால் கர்னல் மெமரியின் பழைய மிச்சம் ஒயரில் வெளியே போகும். இன்டரப்ட் ஸ்டேட்டஸைப் படித்தால் மட்டும் அது அடங்காது, அதே பிட்டுகளைத் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் இன்டரப்ட் ஓயாமல் வந்து மெஷின் உறைந்துவிடும். வாங்கும் பஃபரில் எதுவரை படித்தோம் என்று சொல்லும் ரெஜிஸ்டரில் 16 கழித்து எழுத வேண்டும். டிரைவர் எழுதுகிற எல்லோரும் ஒரு தடவை அதில் தடுக்கி விழுகிறோம்.

திரையே வராமல் செத்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சீரியல் போர்ட். நம் டெஸ்க்டாப்புகள் பழசாக இருப்பதன் லாபம் இதுதான். கர்னலின் முதல் பத்து வரிக்குள் சீரியலில் ஒரு எழுத்தாவது அனுப்பிவிடுங்கள்.

நெட்பிஎஸ்டி, லினக்ஸ் டிரைவர்களைப் பார்த்து எழுதலாமா?

படிக்கலாம், படிக்க வேண்டும். கார்டின் குணங்கள் டேட்டாஷீட்டை விட அவற்றில்தான் அதிகம் எழுதியிருக்கும். நகலெடுப்பது வேறு கதை. பிஎஸ்டி உரிமத்து கோடை எடுத்தால் மேலே இருக்கும் பதிப்புரிமை, உரிம வரிகளை அப்படியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸின் கோடு ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. எடுத்தால் அதைச் சேர்த்து வெளியிடும் நம் கர்னலும் ஜிபிஎல் ஆக வேண்டும். நாம் பிஎஸ்டி உரிமம் என்று முடிவு செய்திருப்பதால், லினக்ஸ் டிரைவரைப் படித்தவர் குறிப்பு எழுதித் தருவார், இன்னொருவர் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து கோடு எழுதுவார். எழுதியவர் உழைப்புக்குக் கொடுக்கும் மரியாதை அது.

வைஃபை, கிராஃபிக்ஸ் எப்போது?

இப்போதைக்கு இல்லை. வைஃபை கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும், கிராஃபிக்ஸ் டிரைவர் ஒன்றே நம் மொத்த கர்னலை விடப் பல மடங்கு பெரியது. மெஷினைத் தொடங்கி வைக்கும் யுஇஎஃப்ஐ தரும் ஃப்ரேம்பஃபரில், அதாவது திரை மெமரியில், எழுத்து வருகிறது, அதுவே போதும்.

தமிழ் வழியில் படித்தேன், ஆங்கில ஆவணம் தடுமாறுகிறது. வரலாமா?

வாருங்கள். சுவரில் இருக்கும் பென்சில் தாளை எழுதியவளும் தமிழ் வழியில் படித்தவள்தான். ஒவ்வொரு காலுக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைக்கிறோம்: என்ன கேட்கிறது, என்ன திரும்ப வேண்டும், எங்கே தவறுவோம். ரெஜிஸ்டர், பஃபர், இன்டரப்ட் எல்லாம் அப்படியே இருக்கும், விளக்கம் மட்டும் நம் பேச்சில். முதல் நாள் வரும்போது சி-யில் பாயின்டர் புரிந்திருந்தால் போதும். உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டளையை ஸ்ட்ரேஸில் ஓட்டி, அந்த வரிகளைத் தாளில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். அன்று அதிலிருந்துதான் தொடங்குவோம்.

இன்று எது ஓடுகிறது, எது ஓடவில்லை?

பிஸிபாக்ஸ் ஷெல், எல்எஸ், விஐ ஓடுகின்றன. விஐயில் தமிழ் ஃபைலைத் திறந்து சேமிக்க முடிகிறது. 8139 வழியாக பிங் போய் வருகிறது. பைதான் எழுந்து கணக்குப் போடுகிறது. த்ரெட் தொடங்கினால் சில நேரம் நின்றுவிடுகிறது. ஃபியூடெக்ஸில் எழுப்பும் பக்கமும் தூங்கும் பக்கமும் ஒரே நொடியில் மோதும்போது ஒரு எழுப்பல் தொலைகிறது என்று நினைக்கிறோம். மதிப்பைச் சரிபார்ப்பதும் வரிசையில் சேர்வதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும், எங்கள் கோடில் இரண்டுக்கும் நடுவே லாக் ஒருமுறை விடுபடுகிறது. வரும் சனிக்கிழமை அதைத்தான் பிரிக்கப் போகிறோம்.